பிரம்பு யார் கையில்?

காவிரி டெல்டாவின் கிறிஸ்தவ வீடுகளில் யாராவது நோயில் விழுந்தாலோ, அறுப்புக்கு நின்ற சம்பா தை மழையில் சாய்ந்தாலோ, ஆறுதல் சொல்ல வரும் உபதேசியார் விரும்பி வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 12ஆம் அதிகாரம். தகப்பன் கண்டிக்காத பிள்ளை உலகில் உண்டா என்று கேட்டு, கண்டிப்பே காணாதவன் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்க முடியாது என்கிற அளவுக்குப் போகும் பகுதி அது. கேட்பவர்கள் தலையசைப்பார்கள். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழியோடு வளர்ந்தவர்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. சீர்திருத்த சபையார் இதைச் 'சிட்சை' என்பார்கள். கத்தோலிக்கர் 'ஆண்டவர் கண்டித்துத் திருத்துகிறார்' என்பார்கள். எந்தச் சபையானாலும் தேறுதல் ஒன்றுதான்: இந்த அடி வெறுப்பால் விழுந்ததல்ல, கடவுள் இந்த வீட்டை மறந்துவிடவில்லை.

அந்தத் தேறுதலில் உண்மையான பலம் இருக்கிறது. காரணமே இல்லாத துன்பத்தைவிட, அன்புள்ள ஒருவர் அனுமதித்த துன்பத்தைத் தாங்குவது எளிது. ஆனால் அதே சொற்கள், சொல்பவரின் வாய் மாறினால் வேறொன்றாகிவிடுகின்றன. படுக்கையில் கிடப்பவர் "கர்த்தர் என்னைத் திருத்துகிறார்" என்றால் அது விசுவாசம். அவர் தலைமாட்டில் நிற்கும் பங்காளி "கர்த்தர் உன்னைத் திருத்துகிறார்" என்றால் அது தீர்ப்பு. இந்த வேறுபாட்டை வேதாகமமே கூர்மையாகப் பார்த்திருக்கிறது. டெல்டாவின் முந்நூறு ஆண்டுச் சீர்திருத்த சபை வரலாறும் இதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப இடறியிருக்கிறது.

எபிரெயர் நிருபத்தை எழுதியவர் யார் என்பது உறுதியாகத் தெரியாது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜென், அது கடவுளுக்கே வெளிச்சம் என்று கைவிரித்துவிட்டார். யாருக்கு எழுதப்பட்டது என்பது மட்டும் நிருபத்திலிருந்தே ஓரளவு தெரிகிறது. விசுவாசத்துக்காகச் சொத்தைப் பறிகொடுத்தவர்கள், ஊர் நடுவே அவமானப்பட்டவர்கள், சிறையில் கிடந்தவர்களுக்குத் துணைநின்றவர்கள். அவர்களிடம் நீதிமொழிகள் நூலின் 3ஆம் அதிகாரத்தை எடுத்துச் சொல்லும் ஆசிரியர் மூன்று காரியங்களைச் செய்யாமல் விடுகிறார். நீங்கள் செய்த இன்ன பாவத்துக்கு இன்ன தண்டனை என்று கணக்குப் போடவில்லை. அவர்களைத் துன்புறுத்தியவர்கள் கடவுளின் வேலையைச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. தம்மை வெளியே நிறுத்திக்கொள்ளவும் இல்லை. நமக்கும் தகப்பன்மார் இருந்தார்கள், நம்மையும் கண்டித்தார்கள் என்று தம்மையும் சேர்த்தே பேசுகிறார். கண்டிக்கப்படும் வேளையில் அது இனிக்காது, துக்கமாகத்தான் இருக்கும் என்றும் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார்.

இதே கருத்தைப் பழைய ஏற்பாட்டில் இன்னொருவரும் சொல்கிறார். யோபுவின் நண்பன் எலிப்பாஸ். பிள்ளைகளை இழந்து, உடல் முழுக்கப் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் அவன் ஒருவன். ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் தரையில் அமர்ந்திருந்ததுதான் அந்த மூவரும் செய்த நல்ல காரியம். அதன்பின் எலிப்பாஸ் பேசத் தொடங்கினான். கடவுள் கண்டிக்கும் மனிதன் பாக்கியவான், அந்தக் கண்டிப்பைத் தள்ளிவிடாதே என்று 5ஆம் அதிகாரத்தில் அறிவுரை சொன்னான். எபிரெயர் நிருபத்தோடு ஒப்பிட்டால் சொல்லில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுள் பெயர் சொல்லி அழைத்துக் கடிந்துகொள்வது எலிப்பாஸைத்தான். யோபுவைப் போல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளோடு வழக்காடிய யோபு சரி. கடவுளுக்காக வாதாடிய எலிப்பாஸ் தவறு. போதாததற்கு, யோபு வேண்டிக்கொண்டால்தான் எலிப்பாஸுக்கு மன்னிப்பு என்று உத்தரவாகிறது. கோட்பாடு பிழையானதல்ல. அதைத் தூக்கி இன்னொருவரின் புண்மேல் வைத்ததுதான் பிழை.

அந்தப் பிழையைச் சிறியவர்கள் மட்டும் செய்யவில்லை. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயராக இருந்த அகுஸ்தீனார், பிரிந்துபோன தொனாத்துவாதிகளை வாதத்தால்தான் வெல்ல வேண்டும், அரசின் பலத்தால் அல்ல என்றுதான் முதலில் நினைத்திருந்தார். பேரரசின் சட்டங்களுக்கு அஞ்சிப் பலர் திரும்பி வந்ததைப் பார்த்தபின் மனம் மாறினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய கடிதங்களில், அன்புள்ள தகப்பனின் கண்டிப்பு அரசு அதிகாரிகளின் அபராதத்துக்கும் நாடுகடத்தலுக்கும் நியாயமாகிவிடுகிறது. 'உன் நன்மைக்காகத்தான் அடிக்கிறேன்' என்ற வாதத்துக்கு மேலைத் திருச்சபையின் மிகப் பெரிய அறிஞரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிற்காலத்தில் மதத்தின் பேரால் வன்முறை செய்தவர்கள் அந்தக் கையெழுத்தைப் பலமுறை காட்டியிருக்கிறார்கள்.

தஞ்சைத் தரணியில் இது ஏட்டளவில் நிற்கும் விஷயம் அல்ல. இங்கே பிரம்பு என்பது உருவகம் மட்டுமாக இருந்ததில்லை. பண்ணையாள் முறை நடந்த காலத்தில், வேலைக்குப் பிந்தி வந்த விவசாயத் தொழிலாளிக்குச் சவுக்கடியும் சாணிப்பால் குடிப்பதும் தண்டனை. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் கட்டிய விவசாயச் சங்கம்தான் அதற்கு முடிவுகட்டப் போராடியது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியும் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி, உலகம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பண்ணையார்களும் தங்களைத் தகப்பன் ஸ்தானத்தில்தான் வைத்துப் பேசினார்கள். சவுக்கடி பட்டவர்களின் பேரன் பேத்திகள் உட்கார்ந்திருக்கும் சபையில், அன்புள்ளவர் அடிப்பார் என்று வாசிக்கும் போதகர் அதைச் சற்று நிதானித்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இந்தப் போதனையை நேர்மையாக வாழ்ந்து காட்டியவர்கள் டெல்டாவில் இல்லையா? இருந்தார்கள்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க், இரண்டே ஆண்டில் டேனிஷ் கோட்டைக்குள் கைதியானார். ஓர் ஏழைக் கைம்பெண்ணின் வழக்கில் தலையிட்டது கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்குப் பொறுக்கவில்லை. 1708 நவம்பரிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதம் சிறை. அந்தத் தனிமையை அவர் தமக்கான பயிற்சியாகவே எடுத்துக்கொண்டார். கிறிஸ்தவ வாழ்க்கை பற்றியும் போதக ஊழியம் பற்றியும் அங்கிருந்தபடி எழுதினார். ஆனால் தம்மைக் கடவுள் புடமிடுகிறார் என்று நம்பியதற்காக, புடத்தை மூட்டிய ஹாசியஸை அவர் கடவுளின் கருவியாகக் கும்பிடவில்லை. நடந்தது அநியாயம் என்று ஐரோப்பாவுக்கு எழுதினார். 1714இல் கப்பலேறி, மறு ஆண்டு டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கை நேரிலேயே சந்தித்து மிஷனின் இடர்களை எடுத்துவைத்தார். சிட்சையை ஏற்பதும் சிறை வைத்தவன்மேல் முறையிடுவதும் ஒரே மனிதரிடம் முரணில்லாமல் இருந்தன.

இன்னொருவர் மாயவரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய அதே கத்தோலிக்கர். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயவரத்திலும் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியே பழகியவர். வேலையை விட்டபின், 1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்த அந்தப் பஞ்சத்தைப் பாவத்தின் சம்பளம் என்று விளக்க ஆட்களுக்குக் குறைவில்லை. பிள்ளை கஞ்சித்தொட்டி திறந்தார். கையிலிருந்த பொருளைக் கரைத்தார். அதைப் பார்த்து நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனையே பாடினார். பிள்ளையும் பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் அவர் பேசுவது பசித்தவர்களிடம் அல்ல, கடவுளிடம். இரங்க வேண்டியவர் இரங்கவில்லையே என்ற முறையீடு அது. எலிப்பாஸின் நாற்காலி காலியாகக் கிடந்தும், தீர்ப்பெழுதியே பழகிய மனிதர் யோபுவின் பக்கம் போய் உட்கார்ந்தார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நாகப்பட்டினம் மாவட்டக் கரையில் கடல் ஏறியது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் பேராலயம் நின்றது. மணலில் நடந்துகொண்டிருந்த யாத்ரீகர்களும் கடை போட்டிருந்தவர்களும் நூற்றுக்கணக்கில் போனார்கள். ஆலயம் தப்பியதைப் புதுமை என்றவர்கள் உண்டு. அப்படியானால் மணலில் போனவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி அந்தப் பேச்சுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. பேரழிவு எங்கே நடந்தாலும் அதன் உறையைப் பிரித்து 'இன்னார் பாவத்துக்கு' என்று முகவரி எழுதும் குரல்கள் எழும். 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, கோயில்கள் நிறைந்திருந்த வேளையில் லிஸ்பன் நகரம் பூகம்பத்தில் இடிந்தபோது இயேசு சபைத் துறவி மலக்ரீதா அப்படித்தான் எழுதினார். 2004லும் அந்தக் குரல்கள் ஓயவில்லை.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசுவிடமே இந்தக் கேள்வி வருகிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் இறந்திருந்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அடுத்த வாக்கியத்தில் கேட்டவர்களின் பக்கம் திரும்புகிறார்: மனந்திரும்ப வேண்டியது நீங்கள். செத்தவர்களைப் பற்றிய கேள்வியைக் கேட்டவர்களைப் பற்றியதாக அவர் மாற்றிவிட்டார்.

நெல் விளைவிக்கிறவர்களுக்குச் சிட்சைக்கும் அழிவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். வயலுக்கு நீர் விடுவதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். எந்நேரமும் நீர் கட்டி நிற்கவிடாமல், இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் வேர் இறங்கும், தூர் கட்டும். காயவிடுகிற சம்சாரிக்குப் பயிர்மேல் கோபம் கிடையாது; வாய்க்கால் மடையை அவனே அடைக்கிறான், அவனே திறக்கிறான், வரப்பை விட்டு நகர்வதில்லை. சிட்சை அன்பு என்று சொல்லும் போதனையின் நல்ல பொருள் இவ்வளவுதான். ஆனால் திருமருகல், கீழையூர், தலைஞாயிறு பக்கம் கடைமடையில் உழுகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வயல் வெடித்துக் கிடப்பதற்கெல்லாம் காய்ச்சல் என்று பெயரில்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காமல் போகலாம், தூர் வாராத வாய்க்காலில் நீர் நடுவழியிலேயே நின்றுபோகலாம், மேல்மடைக்காரர் முறை தவறியிருக்கலாம். பட்டுப்போன பயிரைப் பார்த்து, இது உன் வேர் இறங்குவதற்காக என்று சொல்வது வேளாண்மையும் அல்ல, இறையியலும் அல்ல.

ஆனாலும், வெள்ளத்தையும் பஞ்சத்தையும் சிட்சையாகப் படிக்க டெல்டாவின் கிறிஸ்தவர்களில் பலர் தயங்கியதில்லை. அவர்கள் படிக்க மறுத்த சிட்சை வேறு. அது மனிதர் வாயில் வந்தது.

இராஜநாயக்கன் என்பவர் தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். பறையர் சாதியைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதாகமப் பகுதியைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்து, தஞ்சை நாட்டில் உபதேசியாராகி, 1771இல் இறக்கும்வரை உழைத்தார். தஞ்சைச் சீமையில் சபை ஊன்றியதில் அவருக்குரிய பங்கு பெரிது. ஆனால் 1733இல் முதல் தமிழ்ப் போதகராகக் கைவைத்து அபிஷேகம் பண்ணப்பட்டவர் வேளாளரான ஆரோன். 1741இல் அடுத்தவர் தியோகு. இராஜநாயக்கனின் தகுதியில் மிஷனரிமாருக்கு ஐயமில்லை. அவர் கையால் இராப்போஜனம் வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்ற அச்சமே தடை. அப்பமும் ரசமும் கடவுளுடையவை என்று நம்பியவர்கள், பரிமாறும் கையைப் பார்த்தார்கள்.

1778இல் தஞ்சையில் குடியேறி 1798இல் அங்கேயே காலமான மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் இதில் பொறுமைதான் காட்டினார். ஹைதர் அலி படையெடுப்பால் வந்த பஞ்சத்தில் நெல் சேர்த்து ஊருக்குச் சோறிட்டவர் அவர். இளவரசர் சரபோஜிக்குத் தந்தை போலிருந்தவர். சரபோஜி லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு அவருக்குச் செய்வித்த பளிங்குச் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டைத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. அவருடைய சபையில் வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். காலம் மாற்றும் என்று அவர் விட்டுவைத்தார்.

அடுத்த தலைமுறை மிஷனரிமார் விட்டுவைக்கவில்லை. 1820களில் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அதோடு பபிரிசியுஸ் மொழிபெயர்த்த வேதாகமத்தைத் திருத்துவது, பூமாலை கூடாது என்பது, கோயிலில் தமிழ்க் கீர்த்தனைகளைக் குறைப்பது என்று வேறு பலவும் வந்தன. இவற்றை நான்கு கொடுமைகள் என்று பட்டியலிட்டு எதிர்த்து நின்றவர் வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பிறந்து, சிறுவனாக சுவார்ட்ஸிடம் வளர்ந்து, 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவப் பாடலுக்குத் தலைமகன். மிஷனில் வேலை போனபோது சரபோஜி அவரைத் தம் அரசவைப் புலவராக்கிக்கொண்டார்.

அந்த நான்கில் மூன்றைப் பற்றிச் சாஸ்திரியார் சொன்னதைக் காலம் ஏற்றுக்கொண்டது. இன்று தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் அவருடைய கீர்த்தனைகள் இல்லாத ஞாயிறு அரிது. மாலை போடாத திருமணம் கிடையாது. பபிரிசியுஸின் மொழிநடைமேல் சபைக்கு இருந்த பற்றும் எளிதில் அழியவில்லை. மிச்சமிருந்த சாதி விஷயத்தில் அவர் தோற்றது நியாயம். ஆனால் ஏன் அவரைப் போன்ற பக்தர்கூட அங்கே செவி கொடுக்கவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சொன்ன விஷயம் நூற்றுக்கு நூறு சரி. சொன்ன இடம் ஆளும் நாட்டின் ஆசனம். தாழ்த்தப்பட்டவர்களைக் கலக்காமல், அவர்களுக்காக மேலிருந்து வந்த உத்தரவு. பூவையும் பாட்டையும் சாதியையும் ஒரே பிரம்பால் அடித்ததால், அடிபட்டவர்களுக்கு எது கடவுளின் கண்டிப்பு, எது வெள்ளைக்காரரின் வழக்கம் என்று பிரித்துப் பார்க்காமலிருக்க வசதியான சாக்குக் கிடைத்தது. வேப்பேரியில் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். தஞ்சையிலும் எதிர்ப்பு மூண்டது. 1835 ஜனவரியில் வில்சன் தஞ்சைக்கும் திருச்சிக்கும் நேரில் வந்து பேச வேண்டியதாயிற்று. வெளியேறியவர்களில் சிலர் சாதி விஷயத்தில் இளக்கமாயிருந்த லைப்சிக் மிஷனில் பிறகு இடம் தேடிக்கொண்டார்கள்.

இந்தச் சண்டையில் இரண்டு தரப்பின் குரலும் காகிதத்தில் மிஞ்சியிருக்கிறது. எந்தப் பக்கத்தில் உட்கார்வது என்று யாருக்காக வழக்கு நடந்ததோ அவர்களின் குரல் அதில் மிகக் குறைவு. இராஜநாயக்கனின் வாரிசுகளிடம் கேட்டிருந்தால், சிட்சை வேண்டியது யாருக்கு என்று அவர்கள் ஆயரைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருப்பார்கள்.

அவர்களைக் கேட்கத் திருச்சபைக்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. கத்தோலிக்கரிடமும் நிலைமை வேறாக இல்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்து நின்ற சுவர் பல ஆண்டுப் போராட்டங்களுக்குக் காரணமானது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையும் பாகுபாடும் திருச்சபைக்கு உள்ளேயே இருப்பதை ஒப்புக்கொண்டது. புயலோ பஞ்சமோ வந்து அதை எழுதவைக்கவில்லை. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருந்த தலித் விசுவாசிகளின் குரல் எழுதவைத்தது. ஆயர்கள் அதில் பிறரைக் கண்டிக்கவில்லை. தாங்கள் கண்டிக்கப்பட்டதைப் பதிவு செய்தார்கள்.

எபிரெயர் நிருபத்தில் சிட்சை பற்றிய பகுதி 11ஆம் வசனத்தோடு முடிவதாகப் பல பிரசங்கங்கள் வைத்துக்கொள்கின்றன. அடுத்த இரண்டு வசனங்களில்தான் சிட்சைக்குப் பின் என்ன செய்வது என்பது வருகிறது: தளர்ந்த கைகளைத் தூக்க வேண்டும், முடமானவர் மேலும் பிசகிப் போகாதபடி நடைபாதையைச் செவ்வையாக்க வேண்டும். ஓர் ஊரில் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டால், கோயில் தேர் எந்தத் தெரு வரை போகிறது, திருவிழா வரியை யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள், பங்குப் பேரவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பதற்கு வேறு வசனம் தேட வேண்டியதில்லை. 12, 13ஆம் வசனங்களையும் சேர்த்து வாசித்தாலே போதும்.